கோப்பு முறைமைச் சரிபார்ப்பு

கோப்பு முறைமைச் சரிபார்ப்பு என்பது, வன்தட்டு முதலிய சேமிப்புச் சாதனங்களில் கோப்புகள் எங்கெங்கு உள்ளன எனக் காட்டும் உட்பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனப் பரிசோதித்து, பொருந்தாதவற்றைச் சீர்செய்யும் செயற்பாடு ஆகும். யுனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களில் இதனைச் செய்யும் கட்டளை வரி நிரல் எஃப்எஸ்சிகே எனப்படுகிறது. 'ஃபைல் சிஸ்டம் செக்' என்னும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கமே இப்பெயர். மின்தடை, வன்தட்டுப் பழுது, மென்பொருள் வழு ஆகியவற்றால் சிதைந்த கோப்பு முறைமையை மீண்டும் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவர இந்நிரல் உதவுகிறது.

எஃப்எஸ்சிகே மீட்பது கோப்பு முறைமையின் ஒழுங்கையே; பயனரின் தரவை அன்று. ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டுச் சில கோப்புகளை அது சுருக்கவும் நீக்கவும் கூடும். ஆகவே பழுதடைந்த வட்டில் முதலில் இட வேண்டிய கட்டளை இதுவன்று, படியெடுத்தலே முதற்பணி. இக்கட்டுரை லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 கோப்பு முறைமைகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்செயற்பாட்டை விளக்குகிறது. கட்டளைகளின் பெயர்கள் இங்கு தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்தல் வேண்டும்.

வரலாறு

1979இல் வெளியான யுனிக்ஸ் 7ஆம் பதிப்பில் ஐசெக், டிசெக், என்செக் என்னும் சிறு நிரல்கள் இருந்தன. ஒன்று தொகுதிகளின் ஒதுக்கீட்டையும், மற்றொன்று அடைவுகளின் இணைப்பு எண்ணிக்கையையும் பரிசோதித்தது. மூன்றாவது, ஐநோட் எண்ணைக் கொண்டு கோப்பின் பெயரைக் கண்டறிய உதவியது. இவற்றின் வெளியீட்டைப் படித்து, எதனை அழிப்பது, எதனைத் திருத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு கணினி நிர்வாகியுடையது.

இப்பணிகளை ஒருங்கிணைத்த எஃப்எஸ்சிகே நிரலை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டி. ஜே. கோவால்ஸ்கி உருவாக்கினார். பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கிர்க் மெக்கியூசிக் வடிவமைத்த விரைவுக் கோப்பு முறைமை, 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி பதிப்பில் இடம்பெற்றது. அதற்கேற்ப எஃப்எஸ்சிகே மாற்றியமைக்கப்பட்டது. மெக்கியூசிக்கும் கோவால்ஸ்கியும் இணைந்து எழுதிய ஆவணம் இந்நிரலின் வழிமுறைகளை விரிவாக விளக்குகிறது.

லினக்ஸில் எக்ஸ்ட்2 கோப்பு முறைமை 1993இல் அறிமுகமானது. அதற்கான சரிபார்ப்பு நிரலான ஈ2எஃப்எஸ்சிகேயை இன்றுள்ள வடிவில் எழுதியவர் தியடோர் ட்சோ. 2001இல் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்ட எக்ஸ்ட்3, 2008இல் நிலையானதென அறிவிக்கப்பட்ட எக்ஸ்ட்4 ஆகியவற்றுக்கும் இந்நிரலே பயன்படுகிறது. லினக்ஸில் எஃப்எஸ்சிகே என்பது உண்மையில் ஒரு முகப்பு நிரல் மட்டுமே. வட்டுப் பிரிவில் எவ்வகைக் கோப்பு முறைமை உள்ளது எனக் கண்டு, அதற்குரிய தனி நிரலை அது அழைக்கிறது.

கோப்பு முறைமையின் அமைப்பு

சரிபார்ப்பு எவ்வாறு இயலுகிறது என்பதை அறிய, கோப்பு முறைமையின் உறுப்புகளை அறிதல் வேண்டும். எக்ஸ்ட் குடும்பத்தில் வட்டுப் பிரிவு சம அளவான தொகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு தொகுதியின் அளவு பெரும்பாலும் 4096 பைட்டுகள். பல தொகுதிகள் சேர்ந்து ஒரு தொகுதிக் குழு ஆகின்றன. முதன்மையான உறுப்புகள் வருமாறு:

• தலைமைத் தொகுதி: சூப்பர்பிளாக் எனப்படும் இப்பகுதி, பிரிவின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டுகள் தள்ளி அமைந்துள்ளது. தொகுதியின் அளவு, மொத்தத் தொகுதிகளின் எண்ணிக்கை, கோப்பு முறைமை முறையாக மூடப்பட்டதா என்னும் குறிப்பு முதலியவை இதில் உள்ளன. பதினறும எண் முறையில் ஈஎஃப்53 என்னும் அடையாள எண்ணும் இதில் உண்டு.

• ஐநோட்: ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், நேரங்கள், தரவு உள்ள தொகுதிகளின் சுட்டிகள் ஆகியவற்றை அது கொண்டிருக்கும். கோப்பின் பெயர் இதில் இராது.

• அடைவு: கோப்பின் பெயரையும் அதற்குரிய ஐநோட் எண்ணையும் இணைக்கும் பட்டியல். மூல அடைவின் ஐநோட் எண் எப்போதும் 2.

• பிட்மேப்: எந்தத் தொகுதிகளும் ஐநோட்களும் பயன்பாட்டில் உள்ளன, எவை காலியாக உள்ளன என்பதை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் வீதம் குறிக்கும் வரைபடம்.

• தரவுத் தொகுதி: கோப்பின் உள்ளடக்கம் இருக்கும் இடம்.

இவ்வமைப்பில் ஒரே செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதியப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு தொகுதி பயன்பாட்டில் உள்ளது என்பதை ஐநோட்டின் சுட்டியும் கூறுகிறது, பிட்மேப்பும் கூறுகிறது. ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்பதை ஐநோட்டில் உள்ள இணைப்பு எண்ணிக்கையும் கூறுகிறது. அடைவுகளைத் தேடி எண்ணினாலும் தெரியவருகிறது. இரு கூற்றுகளும் முரண்படும்போது பழுது வெளிப்படுகிறது. சரிபார்ப்பு நிரலின் அடிப்படை இதுவே. ஆனால் தரவுத் தொகுதியின் உள்ளடக்கத்திற்கு இத்தகைய இரண்டாவது சாட்சி எதுவும் எக்ஸ்ட் குடும்பத்தில் இல்லை. அங்கு ஏற்படும் சிதைவை எஃப்எஸ்சிகேயால் அறிய இயலாது.

பழுதடையும் விதம்

ஒரு கோப்பின் இறுதியில் ஒரு தொகுதி அளவு தரவைச் சேர்ப்பதாகக் கொள்வோம். இதற்கு வட்டில் மூன்று இடங்களில் எழுத வேண்டும்: தரவுத் தொகுதி, ஐநோட், பிட்மேப். வன்தட்டு இவற்றை ஒரே கணத்தில் எழுதுவதில்லை. இடையில் மின்சாரம் நின்றால் பின்வரும் நிலைகள் ஏற்படலாம்:

• தரவு மட்டும் எழுதப்பட்டது: புதிய தரவு கிடைக்காது. ஆயினும் கோப்பு முறைமையில் முரண் இல்லை.

• பிட்மேப் மட்டும் எழுதப்பட்டது: எவருக்கும் உரிமையற்ற தொகுதி ஒன்று பயன்பாட்டில் உள்ளதாகக் குறிக்கப்படும். இடம் வீணாகும்.

• ஐநோட் மட்டும் எழுதப்பட்டது: ஐநோட் சுட்டும் தொகுதியில் பழைய குப்பை இருக்கும். பிட்மேப்போ அத்தொகுதி காலி என்று கூறும். பின்னர் அதே தொகுதி வேறொரு கோப்புக்கும் வழங்கப்படலாம்.

• ஐநோட்டும் தரவும் எழுதப்பட்டன: பிட்மேப்பைத் திருத்தினால் கோப்பு முழுமையாகக் கிடைக்கும்.

• பிட்மேப்பும் தரவும் எழுதப்பட்டன: தரவு வட்டில் உள்ளது. எந்தக் கோப்புக்கு உரியது என்பது தெரியாது.

• ஐநோட்டும் பிட்மேப்பும் எழுதப்பட்டன: உட்பதிவுகள் முற்றிலும் பொருந்துகின்றன. ஆனால் கோப்பினுள் இருப்பது குப்பை.

இறுதி நிலையில் சரிபார்ப்பு நிரல் எந்தக் குறையையும் காட்டாது. 'பிழையில்லை' என்னும் முடிவு, கோப்புகள் நலமாக உள்ளன என்பதற்குச் சான்றாகாது என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது.

மின்தடை தவிர வேறு காரணங்களும் உள்ளன. வன்தட்டின் செக்டார்கள் தேய்ந்து படிக்க முடியாமற் போதல், பழுதான நினைவகம் தவறான தரவை வட்டுக்கு அனுப்புதல், தரவுக் கம்பியின் தளர்வு, எழுதி முடிக்கும் முன்னரே எழுதியதாகச் சாதனம் அறிவித்தல், யுஎஸ்பி சாதனத்தை முறையாக விடுவிக்காமற் பிடுங்குதல் ஆகியவை அவற்றுட் சில. ஒரே வட்டுப் பிரிவை இரு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் ஏற்றுவதும் கடுமையான சிதைவை விளைவிக்கும்.

குறிப்பேட்டு முறை

எக்ஸ்ட்2 முறையில் கணினி திடீரென நின்றால், மறுமுறை தொடங்கும்போது வட்டு முழுவதையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. வட்டுகளின் கொள்ளளவு பெருகப் பெருக இதற்கான நேரமும் பெருகியது. இதற்குத் தீர்வாக அமைந்ததே ஜர்னல் எனப்படும் குறிப்பேடு. செய்யவிருக்கும் மாற்றங்கள் முதலில் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, பின்னரே உரிய இடங்களில் எழுதப்படுகின்றன. இடையில் தடை நேர்ந்தால், முழுமையாகப் பதிவான மாற்றங்கள் மறுமுறை ஏற்றும்போது நிறைவேற்றப்படுகின்றன, அரைகுறையானவை கைவிடப்படுகின்றன. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் முதலியவை இம்முறையைப் பின்பற்றுகின்றன.

குறிப்பேடு இருப்பதால் சரிபார்ப்பு தேவையற்றதாகிவிடவில்லை. குறிப்பேடு காப்பது இடையில் நின்ற எழுத்துகளை மட்டுமே. தேய்ந்த செக்டார், பழுதான நினைவகம், கருனியின் வழு ஆகியவற்றால் ஏற்படும் சிதைவை அது தடுக்காது. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவற்றின் இயல்பிருப்பு அமைப்பில் உட்பதிவுகள் மட்டுமே குறிப்பேட்டில் எழுதப்படுகின்றன. கோப்பின் தரவு எழுதப்படுவதில்லை.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எக்ஸ்ட்3 அல்லது எக்ஸ்ட்4 பிரிவை 'படிக்க மட்டும்' என்று ஏற்றினாலும், நிலுவையில் உள்ள குறிப்பேடு நிறைவேற்றப்பட்டு வட்டில் மாற்றம் நிகழும். எந்த மாற்றமும் கூடாதெனில் 'நோலோட்' என்னும் தெரிவையும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

மீட்புக்கு முன் செய்ய வேண்டியவை

பழுதின் அறிகுறிகள் பலவகைப்படும். பிரிவை ஏற்ற இயலாமை, அடைவுகளில் பொருளற்ற பெயர்கள் தோன்றுதல், 'உள்ளீடு வெளியீட்டுப் பிழை' என்னும் அறிவிப்பு, கருனி தானாகவே பிரிவைப் 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றுதல் முதலியவை பொதுவானவை. இவற்றைக் கண்டவுடன் எஃப்எஸ்சிகேயை இயக்குவது பலரின் வழக்கம். மின்தடைக்குப் பின் நலமான வட்டில் இதனால் தீங்கு நேர்வது அரிது. ஆனால் வட்டே பழுதடைந்து வரும் நிலையில் இது ஆபத்தானது. சரிபார்ப்பு நிரல் வட்டு முழுவதும் பரவியுள்ள உட்பதிவுகளைப் படித்து, பல இடங்களில் எழுதுகிறது. செயலிழந்து வரும் வட்டுக்கு இது பெரும் சுமை. படிக்க இயலாத செக்டார் ஒன்றில் அடைவு ஒன்று இருந்தால், அதனைக் காலியானதாகக் கொண்டு நிரல் திருத்தம் செய்யவும் கூடும்.

எனவே பின்வரும் வரிசை பரிந்துரைக்கப்படுகிறது:

1. எழுதுவதை நிறுத்துதல். பிரிவை யுமவுண்ட் கட்டளையால் விடுவிக்க வேண்டும். அது இயங்குதளமே உள்ள மூலப் பிரிவு எனில், நேரடி வட்டு அல்லது யுஎஸ்பி நினைவி மூலம் கணினியைத் தொடங்க வேண்டும். மீட்கும் கோப்புகளை ஒருபோதும் அதே பிரிவில் சேமிக்கலாகாது.

2. சாதனத்தின் நலனை அறிதல். ஸ்மார்ட்சிடிஎல் நிரல், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே பேணும் பதிவுகளைக் காட்டுகிறது. மாற்றிடம் வழங்கப்பட்ட செக்டார்கள், நிலுவையில் உள்ள செக்டார்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை உயர்ந்து வருமாயின் வட்டு பழுதடைந்து வருகிறது எனக் கொள்ளலாம். இயல்புக்கு மாறான ஒலி எழுமாயின் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தொழில்முறை மீட்பகத்தை நாடுவதே நன்று.

3. படிமம் எடுத்தல். பிரிவு முழுவதையும் வேறொரு வட்டில் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். டிடி கட்டளை நலமான வட்டுக்குப் போதும். படிக்க இயலாத செக்டாரைச் சந்தித்தால் அது இயல்பாக நின்றுவிடும். இதற்கென அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனூ டிடிரெஸ்கியூ சிறந்தது. அது முதலில் எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளைப் படியெடுத்து, கடினமான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருகிறது. எவை படிக்கப்பட்டன என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், பணியை இடையில் நிறுத்தி மீண்டும் தொடரலாம்.

4. படிமத்தின் படியில் பணிபுரிதல். ஈ2எஃப்எஸ்சிகே வட்டுப் பிரிவில் மட்டுமன்றி, சாதாரணப் படிமக் கோப்பின் மீதும் இயங்கும். எனவே படிமத்திற்கு மேலும் ஒரு படியெடுத்து, அதன் மீதே சீரமைப்பை முயன்று பார்க்கலாம். தவறு நேர்ந்தால் மூலப் படிமம் எஞ்சியிருக்கும்.

5. இன்றியமையாக் கோப்புகளை முன்கூட்டியே வெளியே எடுத்தல். டிபக்எஃப்எஸ் என்னும் நிரல் கோப்பு முறைமையை ஏற்றாமலேயே அதன் உட்பகுதியைக் காட்டுகிறது. இயல்பாக இது படிக்க மட்டுமே திறக்கும். இதன் ஆர்டம்ப் கட்டளை ஓர் அடைவையும் அதன் உட்கோப்புகளையும் வேறிடத்துக்குப் படியெடுக்கிறது. சரிபார்ப்பு நிரல் நீக்கிவிடக்கூடிய கோப்புகளையும் சில வேளைகளில் இவ்வாறு காப்பாற்றலாம்.

சரிபார்ப்பின் ஐந்து கட்டங்கள்

ஈ2எஃப்எஸ்சிகே தன் பணியை ஐந்து கட்டங்களாகச் செய்கிறது. குறிப்பேடு இருப்பின் அது முதலில் நிறைவேற்றப்படும்.

முதற் கட்டத்தில் எல்லா ஐநோட்களும் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. வகை செல்லுபடியாகுமா, அளவு சுட்டிகளுடன் பொருந்துகிறதா, சுட்டிகள் வட்டின் எல்லைக்குள் உள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது. இக்கட்டத்திலேயே எவ்வெத்தொகுதிகள் பயன்பாட்டில் உள்ளன என்னும் புதிய வரைபடத்தை நிரல் தன் நினைவகத்தில் உருவாக்குகிறது. ஒரே தொகுதியை இரு கோப்புகள் உரிமை கோரினால் சிறப்பு உட்கட்டங்கள் இயங்கும். பொதுவாகத் தொகுதி இரட்டிக்கப்பட்டு இரு கோப்புகளுக்கும் தனித்தனியே வழங்கப்படும். அவற்றுள் ஒன்றன் உள்ளடக்கமேனும் தவறாகவே இருக்கும். எனவே நிரல் அறிவிக்கும் அவ்விரு கோப்புகளின் பெயர்களையும் குறித்து வைத்தல் நன்று.

இரண்டாம் கட்டத்தில் அடைவுகளின் உள்ளடக்கம் பரிசோதிக்கப்படுகிறது. ஒவ்வொரு பதிவும் முறையான நீளம் உடையதா, அது சுட்டும் ஐநோட் உண்மையில் பயன்பாட்டில் உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. இல்லாத ஐநோட்டைச் சுட்டும் பெயர்கள் நீக்கப்படும்.

மூன்றாம் கட்டத்தில் ஒவ்வோர் அடைவிலிருந்தும் மூல அடைவுக்கு வழி உண்டா எனத் தேடப்படுகிறது. வழியற்றுத் தனித்து நிற்கும் அடைவுகள் லாஸ்ட்+ஃபவுண்ட் என்னும் அடைவில் இணைக்கப்படும்.

நான்காம் கட்டத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் உண்மையில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை, ஐநோட்டில் குறிக்கப்பட்ட எண்ணிக்கையுடன் ஒப்பிடப்படுகிறது. பெயரே இல்லாத, ஆனால் தரவுடைய கோப்புகளும் லாஸ்ட்+ஃபவுண்டுக்குச் செல்லும்.

ஐந்தாம் கட்டத்தில், நிரல் தானே உருவாக்கிய வரைபடம் வட்டில் உள்ள பிட்மேப்களுடன் ஒப்பிடப்பட்டு, வேறுபாடுகள் திருத்தப்படுகின்றன. இக்கட்டத்தில் மட்டும் காட்டப்படும் பிழைகள் பெரும்பாலும் அச்சப்படத்தக்கவை அல்ல. முதலிரு கட்டங்களில் தோன்றும் பிழைகளே தரவு இழப்பைக் குறிப்பன.

கட்டளையும் தெரிவுகளும்

கட்டளையின் பொது வடிவம் எளியது. நிரலின் பெயரை அடுத்துத் தெரிவுகளும், இறுதியில் சாதனத்தின் அல்லது படிமத்தின் பெயரும் இடம்பெறும். எடுத்துக்காட்டாக:

ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் படிமம்

தெரிவுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகும். முக்கியமானவை:

• 'நோ' என்பதன் முதலெழுத்து: எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று விடையளித்து, எதனையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் பட்டியலிடும். முதன்முறை எப்போதும் இதனையே பயன்படுத்த வேண்டும். இந்நிலையில் குறிப்பேடு நிறைவேற்றப்படுவதில்லை ஆதலால், காட்டப்படும் பிழைகளுட் சில உண்மையான பழுதாக இராமலும் போகலாம்.

• 'ஃபோர்ஸ்' என்பதன் முதலெழுத்து: கோப்பு முறைமை நலமெனக் குறிக்கப்பட்டிருந்தாலும் முழுமையாகச் சரிபார்க்கும்.

• 'ப்ரீன்' என்பதன் முதலெழுத்து: ஐயத்திற்கு இடமற்ற சிறு பிழைகளைத் தானாகத் திருத்தும். மனித முடிவு தேவைப்படும் பிழையைக் கண்டால் நின்றுவிடும். கணினி தொடங்கும்போது இயல்பாக நிகழ்வது இதுவே.

• 'யெஸ்' என்பதன் முதலெழுத்து: எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடையளிக்கும். வசதியானது; ஆனால் திரும்பப் பெற இயலாதது. படிமம் இல்லாத நிலையில் இதனைத் தவிர்த்தல் நலம்.

• ஆங்கில எழுத்துவரிசையின் இறுதி எழுத்து: நிரல் மாற்றும் தொகுதிகளின் பழைய உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பில் சேமிக்கும். பின்னர் ஈ2அண்டூ நிரலால் மாற்றங்களைத் திரும்பப் பெறலாம்.

முதற் பரிசோதனையில் ஆயிரக்கணக்கான பிழைகள் தோன்றுமாயின், உடனே சீரமைப்பில் இறங்கலாகாது. வட்டுப் பிரிவின் தொடக்கம் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம்; அல்லது கணினியின் நினைவகமே பழுதாக இருக்கலாம். பழுதான நினைவகத்துடன் சரிபார்ப்பை இயக்கினால், நலமான பதிவுகளும் 'திருத்தப்பட்டு' அழியும். மெம்டெஸ்ட்86+ போன்ற நிரலால் நினைவகத்தை முதலில் சோதித்தல் தகும்.

ஏற்றப்பட்ட நிலையில் உள்ள பிரிவின் மீது சீரமைப்பை இயக்குதல் கூடாது. கருனி தன் நினைவகத்தில் உட்பதிவுகளின் படியை வைத்திருக்கும். நிரல் வட்டில் திருத்தியதன் மீது கருனி தன் பழைய படியை எழுதிவிடும். இதனால் நலமான கோப்பு முறைமையும் சிதையக்கூடும். சீரமைப்பின் இடையே மின்சாரம் நிற்பதும் தீங்கானது. சரிபார்ப்பு இடையில் தடைப்பட்டால், மறுமுறை சரிபார்த்தும் திருத்த இயலாத நிலை ஏற்படக்கூடும் என்பதை 2018இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

நிரல் முடிவடையும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 0 எனில் பிழையில்லை. 1 எனில் பிழைகள் திருத்தப்பட்டன. 2 எனில் திருத்தப்பட்டன, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 4 எனில் திருத்தப்படாத பிழைகள் எஞ்சியுள்ளன. 8 எனில் செயற்பாட்டுப் பிழை. ஒன்றுக்கு மேற்பட்டவை நிகழ்ந்தால் இவ்வெண்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். சீரமைத்த பின், 0 வரும்வரை மீண்டும் சரிபார்த்தல் வழக்கம்.

தலைமைத் தொகுதி பழுதடைதல்

தலைமைத் தொகுதி சிதைந்தால், அதன் அடையாள எண் தவறென்னும் அறிவிப்புடன் கோப்பு முறைமை ஏற்றப்பட மறுக்கும். தரவு முழுவதும் அழிந்ததாகத் தோன்றினும் பெரும்பாலும் அவ்வாறன்று. தலைமைத் தொகுதியின் மாற்றுப்படிகள் வட்டின் வேறு பகுதிகளிலும் உள்ளன. வழமையான அமைப்பில் அவை 1ஆம் தொகுதிக் குழுவிலும், 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளான எண்களையுடைய குழுக்களிலும் இடம்பெறும். தொகுதி அளவு 4096 பைட்டுகள் எனில் அவை 32768, 98304, 163840, 229376, 294912 என்னும் தொகுதிகளில் தொடங்கித் தொடரும்.

ஈ2எஃப்எஸ்சிகே பல வேளைகளில் இம்மாற்றுப்படியைத் தானே தேடிக்கொள்ளும். இயலாதபோது 'பிளாக்' என்பதன் முதலெழுத்தைத் தெரிவாகக் கொடுத்து, அதனை அடுத்து 32768 போன்ற எண்ணைத் தரலாம். இவ்வெண்களை எம்கேஈ2எஃப்எஸ் நிரலை, எதனையும் எழுதாமல் பாவனை மட்டும் செய்யும் 'நோ' தெரிவுடன் இயக்கியும் அறியலாம். அத்தெரிவை மறந்தால் அந்நிரல் பழைய கோப்பு முறைமையின் மீது புதியதொன்றை உருவாக்கிவிடும் என்பதால் மிகுந்த கவனம் தேவை. படிமத்தின் படியில் இதனைச் செய்வதே பாதுகாப்பானது.

லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவு

பெயரை இழந்த கோப்புகள் இவ்வடைவில் '#' குறியும் ஐநோட் எண்ணும் சேர்ந்த பெயருடன் வைக்கப்படுகின்றன. கோப்பின் பெயர் அடைவிலேயே இருந்ததால், அடைவு அழிந்தபோது பெயரும் அழிந்துவிடுகிறது. உள்ளடக்கம், உரிமையாளர், நேரம் ஆகியவை ஐநோட்டின் வழியே எஞ்சுகின்றன. ஓர் அடைவு முழுமையாக இங்கு வந்திருந்தால், அதன் உட்கோப்புகளின் பெயர்கள் மாறாமல் இருக்கும்.

ஃபைல் என்னும் கட்டளை, கோப்பின் தொடக்க பைட்டுகளைக் கொண்டு அது படமா, ஆவணமா, நிரலா என இனங்காட்டும். கிரெப் கட்டளையால் உரைக் கோப்புகளில் தெரிந்த சொல்லைத் தேடலாம். இவ்வடைவில் ஏதேனும் இருக்குமாயின் அதனைப் பாராமல் அழித்துவிடலாகாது.

ஐநோட்டும் அழிந்துவிட்ட கோப்புகளை எஃப்எஸ்சிகேயால் மீட்க இயலாது. அந்நிலையில், கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் கோப்பு முறைமையைப் புறக்கணித்து, வட்டில் கோப்பு வகைகளுக்குரிய தொடக்க அடையாளங்களைத் தேடுகின்றன. ஜேபெக் படங்கள் தனித்த பைட்டுகளுடன் தொடங்குவதால் இவ்வாறு கண்டெடுக்கப்படுகின்றன. பெயரும் அடைவும் இவ்வழியில் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகள் முழுமையாகக் கிடைப்பதும் அரிது.

பிற கோப்பு முறைமைகள்

• எக்ஸ்எஃப்எஸ்: இதற்குரிய எஃப்எஸ்சிகே நிரல் வேண்டுமென்றே எதுவும் செய்வதில்லை. எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் என்னும் தனி நிரலே சீர்செய்கிறது. நிறைவேற்றப்படாத குறிப்பேடு இருந்தால் அது இயங்க மறுக்கும். முதலில் பிரிவை ஏற்றி விடுவிக்க வேண்டும். குறிப்பேட்டை அழிக்கும் தெரிவு இறுதி வழி மட்டுமே.

• பிடிஆர்எஃப்எஸ்: இதன் சரிபார்ப்பு நிரலின் சீரமைப்புத் தெரிவை வல்லுநர் அறிவுரையின்றிப் பயன்படுத்தலாகாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கோப்புகளை வெளியே எடுக்க 'ரெஸ்டோர்' என்னும் தனிக் கட்டளை உண்டு.

• இசட்எஃப்எஸ்: எஃப்எஸ்சிகே போன்ற நிரல் இல்லை. தரவு உட்பட எல்லாத் தொகுதிகளுக்கும் சரிபார்ப்புத் தொகை இருப்பதால், 'ஸ்க்ரப்' கட்டளை சிதைவைக் கண்டறிந்து, மறுபடி இருப்பின் அதிலிருந்து திருத்துகிறது.

• ரெய்சர்எஃப்எஸ்: இதன் மரத்தை மீளமைக்கும் தெரிவு, வட்டினுள் வேறொரு ரெய்சர்எஃப்எஸ் படிமக் கோப்பு இருந்தால் அதன் கோப்புகளையும் கலந்துவிடும் குறையுடையது. 2025இல் வெளியான லினக்ஸ் 6.13 பதிப்பில் இக்கோப்பு முறைமை கருனியிலிருந்து நீக்கப்பட்டது.

• ஃபேட், என்டிஎஃப்எஸ்: விண்டோஸில் செக்டிஸ்க் கட்டளை இப்பணியைச் செய்கிறது. லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைப் பிழைகளை மட்டுமே திருத்தும். அது செக்டிஸ்க்குக்கு மாற்றாகாது.

சரிபார்ப்பும் காப்புநகலும்

2013 மார்ச் மாதத்தில் கேடிஈ திட்டத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்வு இங்கு குறிப்பிடத்தக்கது. அத்திட்டத்தின் மூலநிரல் களஞ்சியங்களைத் தாங்கிய மெய்நிகர் வழங்கி, பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் பின் மீண்டும் தொடங்கியபோது, அதன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை சிதைந்திருந்தது. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் அதில் இருந்தன. அவற்றின் படிகள் பல பிரதி வழங்கிகளிலும் இருந்தன. ஆனால் அப்பிரதிகள் மூல வழங்கியை அப்படியே பின்பற்றுமாறு அமைக்கப்பட்டிருந்தமையால், சிதைவையும் உண்மையான மாற்றமாகவே கொண்டு தம்மிடமிருந்த நல்ல படிகளை இழந்தன. இவ்வாறு ஒத்திசைக்கப்படாது எஞ்சியிருந்த ஒரு வழங்கியிலிருந்தே களஞ்சியங்கள் மீட்கப்பட்டன.

பிரதி வேறு, காப்புநகல் வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. உடனுக்குடன் ஒத்திசையும் பிரதி, வன்தட்டின் பழுதிலிருந்து காக்கும். கோப்பு முறைமையின் சிதைவிலிருந்து காக்காது. வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்டு, பின்னர் மாற்றப்படாத நகல்களே அதற்கு உதவும். சரிபார்ப்பு நிரல் எவ்வளவு திறனுடையதாயினும், வட்டில் இல்லாத ஒன்றை அது உருவாக்க இயலாது. எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்துவதே அதன் பணி. இழந்தவற்றை மீளத் தரவல்லது முன்கூட்டியே எடுத்து வைத்த காப்புநகல் மட்டுமே.

இவற்றையும் பார்க்க

• கோப்பு முறைமை
• வன்தட்டு
• யுனிக்ஸ்
• லினக்ஸ் கருனி
• காப்புநகல்